மூளை பொய் சொல்லாதாம்

“வாய் மரியாதைக்கு நல்ல வாசம் என்று சொல்லிவிடும், மூளை பொய் சொல்லாது. தலையில் கருவியை மாட்டினால் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று தெரிந்துபோகும்.” விளம்பரக்காரர்கள் விரும்பிச் சொல்லும் வசனம் இது. சொல்பவரை ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் கொஞ்ச நேரம் நிற்கவைக்க வேண்டும்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் இந்த மலைகளில்தான் இருக்கிறது. தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாடும்போது வெட்டிய புல்லின் பச்சை வாடை. கீழே, உருட்டிய இலை செம்பு நிறமாக மாற மாற, பழ வாசம் ஏறும். அது கூடிவரும் நேரம் பார்த்து டிரையருக்கு அனுப்ப வேண்டும், பிந்தினால் தூள் கெட்டது. டீமேக்கர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைக்கிறார். அந்த நொடியில் அவர் மூளையில் எதை அளப்பீர்கள்? விருப்பத்தையா, வேலைக் கவனத்தையா?

துர்நாற்றத்துக்கென்றே மூளையில் ஓர் இடம் உண்டு, அது அமிக்டலா என்கிறார்கள். 1997இல் ஒரு பெட் ஸ்கேன் ஆய்வில் குமட்டும் வாடைக்கு அது பலமாகக் கிளர்ந்தது உண்மை. ஆனால் 2003இல் எலுமிச்சை மணக்கும் சிட்ரலையும் அருவருப்பான வலெரிக் அமிலத்தையும் லேசாகவும் காட்டமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். அமிக்டலா காட்டத்துக்கே பதில் சொன்னது, நல்லது கெட்டதுக்கு அல்ல. இன்னொரு குழு 2005இல் இதையும் திருத்தியது: நல்லதும் இல்லாத கெட்டதும் இல்லாத வாடை எவ்வளவு காட்டமாக இருந்தாலும் அமிக்டலா அசையவில்லை. ஆக, அங்கே விளக்கு எரிந்தால் ‘பிடிக்கவில்லை’ என்று வாசிக்க முடியாது.

மூளை தருவது ‘அறிவு குறுக்கிடாத நேரடிப் பதில்’ என்ற அவர்களின் வாதம் இன்னும் பலவீனமானது. அதே 2005இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஒரே வாடையை முகரக் கொடுத்து, ஒருமுறை ‘செடார் சீஸ்’ என்றும் மறுமுறை ‘உடல் வாடை’ என்றும் எழுதிக் காட்டினார்கள். சீஸ் என்றபோது வாடை இனிமையாகப்பட்டது. கண்ணுக்கு மேலே, நெற்றிப் புறணியின் அடிப்பகுதியில் பதிவான கிளர்ச்சியும் கூடவே மாறியது. நமக்கு இது புதிதல்ல. கருவாட்டுக் குழம்பு நம் அடுப்பில் கொதித்தால் பசி, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பொதிக்குள் கருவாடு இருந்தால் ஜன்னலைத் திற.

அப்படியானால் எல்லாம் பழக்கம்தானா? அதுவும் இல்லை. 2022இல் வெளியான, ஒன்பது சமூகங்களில் 225 பேரிடம் நடந்த ஆய்வில், வாசனை விருப்பத்தின் வேறுபாட்டில் பண்பாட்டின் பங்கு 6 சதவீதம்தான். மூலக்கூறின் பங்கு 41, தனிமனித வேறுபாடு 54. வெனிலா எங்கும் பிடித்தது. ஆனால் மிகப் பெரிய பங்கு ஆளுக்கு ஆள் மாறுவது, கருவி விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

கருவியிலும் சிக்கல் உண்டு. கெட்ட வாடை பட்டதும் அரை விநாடி கூட ஆகுமுன் மூச்சை இழுப்பது குறைந்துவிடுகிறது. மூச்சிழுப்பதே மூளையின் முகர்வுப் பகுதிகளைக் கிளப்பும். மூச்சை அளக்காமல் மூளையை மட்டும் படம் பிடித்தால், வாடையின் விளைவு எது, மூக்கின் பின்வாங்கல் எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?