பார்வோன் கொடுத்த விடை

விவிலியத்தின் முதல் நூலினுடைய கடைசி அதிகாரத்தில், நாம் அதிகம் கவனிக்காத ஒரு விண்ணப்பம் இருக்கிறது. எகிப்தில் குடியேறி உயர்பதவியில் அமர்ந்த யோசேப்பு தம் தந்தை யாக்கோபை இழக்கிறார். தம்மைக் கானான் நாட்டிலுள்ள கல்லறையில் அடக்கம் செய்யவேண்டுமெனத் தந்தை அவரிடம் ஆணை பெற்றிருந்தார். யோசேப்பு சொல்லாமல் புறப்பட்டுவிடவில்லை. பார்வோனின் வீட்டாரைக் கொண்டு அரசனிடம் விடை கேட்கிறார். அடக்கம் முடிந்ததும் திரும்பிவிடுவதாக வாக்களிக்கிறார். பார்வோனும் தடை சொல்லாமல் விடை கொடுக்கிறான். குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் கோசேன் பகுதியில் விட்டுச்சென்ற அக்குடும்பம், ஏழு நாள் துக்கம் கொண்டாடி, தந்தையை அடக்கம் செய்துவிட்டு, சொன்னபடியே எகிப்துக்குத் திரும்புகிறது. யோசேப்பின் பதவி பறிபோகவில்லை. அவர் எகிப்தைக் கைவிட்டுவிட்டார் என்று எந்த எழுத்தரும் ஏட்டில் பதியவில்லை.

இன்று பதிகிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருந்துகொண்டே நிரந்தரக் குடியிருப்புக்கு, அதாவது கிரீன் கார்டுக்கு, விண்ணப்பிப்பவர் ஐ-485 என்னும் படிவத்தை அளிக்கிறார். அதன்மீது முடிவு வருமுன், ‘அட்வான்ஸ் பரோல்’ எனப்படும் முன்பயண அனுமதியின்றி அவர் நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை அவரே கைவிட்டதாகப் பொதுவிதி கொள்ளுகிறது. போனது தாயின் அடக்கத்துக்கா, கடற்கரையில் களித்திருக்கவா என்று அவ்விதி கேட்பதில்லை. பிரிட்டனிலும் இதுவே நிலை. தங்கும் அனுமதிக்கான விண்ணப்பம் முடிவாகுமுன், பிரிட்டனும் அயர்லாந்தும் உள்ளிட்ட பொதுப் பயண எல்லையைக் கடந்தவரின் விண்ணப்பம், அவர் கடந்த அந்நாளிலேயே திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும்.

நம் பங்குகளில் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பாத தெருக்கள் அருகிவிட்டன. ஆகவே இது அயல்நாட்டார் விவகாரம் அன்று. நம் சாவு வீடுகளின் விவகாரம், நம் திருமண வீடுகளின் விவகாரம்.

முதலில் ‘கைவிடல்’ என்ற அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கைவிடல் என்பது மனித விருப்பத்தின் செயல். அறிவும் சம்மதமும் இல்லாத இடத்தில் முழுமையான மனிதச் செயல் இல்லை என்று ஒழுக்க இறையியலின் முதல் பாடத்திலேயே கற்றோம். வீட்டையும் வேலையையும், பல நேரங்களில் மனைவி மக்களையும் அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிவரும் பயணச்சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் புறப்படுகிறவர் எதைக் கைவிட்டார்? அவருடைய உள்ளத்தில் இல்லாத ஓர் எண்ணத்தை அவர்மீது சுமத்தி, அந்த எண்ணத்துக்காக அவரைத் தண்டிப்பது நீதியாகுமா? நிர்வாக வசதிக்காக ஒரு விதி தேவையென்றால், அதை அப்படியே சொல்லட்டும். பெற்றவளுக்கு மண்போடப் போனதற்குக் ‘கைவிடல்’ என்று பெயர் சூட்டுவது பொய்ச்சான்று.

அந்தப் பெயர் பொருந்தாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்ளுகிறது. எச்-1பி, எல்-1 என்னும் தொழில்வழி அனுமதிகளில் முறையாக இருப்போரும் அவர்தம் குடும்பத்தாரும், உரிய விசாவோடு அதே நிலையில் திரும்புவராயின், முன்பயண அனுமதி இல்லாமலே போய்வரலாம்; அவர்கள் விண்ணப்பம் சாகாது. மாணவராக வந்து அங்கேயே மணமுடித்து விண்ணப்பித்தவருக்கோ அந்தச் சலுகை இல்லை. கணினிப் பொறியாளரின் தாய்க்கு நடப்பது அடக்கம். மாணவரின் தாய்க்கு நடப்பது கைவிடலா? இறந்த தாய்மாருள் என்ன வேறுபாடு?

இன்னொன்றும் உண்டு. சட்டப்படியான தங்கலின்றி ஓராண்டோ அதற்கு மேலோ அமெரிக்காவில் இருந்துவிட்டு வெளியேறுவோர் பத்தாண்டு திரும்ப இயலாதவாறு 1996-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. முன்பயண அனுமதி பெற்று, இந்தியாவிலிருந்த முதிய பெற்றோரைக் கவனிக்கப் போய்வந்த ஓர் இந்தியத் தம்பதியர்மீதும் இத்தடை விழுந்தது. 2012-இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது: அனுமதியோடு சென்று திரும்புதல் அச்சட்டம் கருதிய வெளியேற்றம் ஆகாது. ஆக, போய்விடுதல் வேறு, போய்வருதல் வேறு என்பதை அந்நாட்டு வாரியமே உணர்ந்திருக்கிறது. தமிழில் நாம் எவர் வீட்டினின்றும் ‘போகிறேன்’ என்று புறப்படுவதில்லை; ‘போய்வருகிறேன்’ என்றே சொல்லுகிறோம். அந்த வேறுபாட்டை ஒரு தாளின் தயவில் நிறுத்தாமல் விதியாகவே ஆக்கினால் என்ன?

‘அந்தத் தாளைத்தான் முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளலாமே’ என்பர் சிலர். வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். ஆனால் அத்தாளுக்கான ஐ-131 விண்ணப்பமே மாதக்கணக்கில் காத்துக் கிடப்பதுண்டு. முன்பு குடியிருப்பு விண்ணப்பக் கட்டணத்திலேயே அடங்கியிருந்த அதற்கு, 2024 ஏப்ரல் முதல் தனிக்கட்டணம் விதித்துவிட்டார்கள். கையில் கிடைத்தாலும் அது மீண்டும் நுழைவதற்கு உறுதிச்சீட்டு அன்று; விமான நிலையத்து அதிகாரியின் தீர்மானமே முடிவு. சாவு நேர்ந்தால் உள்ளூர் அலுவலகத்தை அணுகி, சான்றுகளைக் காட்டி அவசர அனுமதி கேட்க வழியுண்டு. யாக்கோபின் உடலுக்கு நறுமணப் பொருளிட நாற்பது நாள் ஆயிற்று; எகிப்தியர் எழுபது நாள் அழுதனர்; விடை கேட்க யோசேப்புக்குக் காலம் இருந்தது. நம் ஊரிலோ இன்று மாலை இறந்தவரை நாளை மாலைக்குள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுகிறோம். குளிர்பெட்டி வைத்தாலும் மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று நாள். அதற்குள் எந்த அலுவலகத்தின் கதவு திறக்கும்?

காத்திருப்பும் சில வாரங்களில் முடிவதன்று. வேலைவழிக் குடியிருப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 இடங்கள்; எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. இந்தியாவுக்கும் அதே அளவு, சின்னஞ்சிறு தீவுக்கும் அதே அளவு. 2007 ஜூலையில் வாயில் சிறிது காலம் திறந்தபோது விண்ணப்பித்த இந்தியருள் பலர், வாயில் மீண்டும் மூடியதால், பல்லாண்டு காத்திருந்தனர். அத்தனை ஆண்டுகளில் ஒருவருக்குத் தந்தை சாவார், தங்கை மணமுடிப்பாள். குடும்பத்தின் காலண்டர் அலுவலகத்தின் காலண்டரைப் பார்த்து நகர்வதில்லை.

பிரிட்டனில் இன்னொரு கொடுமை. அங்குப் பல வகை விண்ணப்பங்களுக்கு, கூடுதலாக 500 பவுண்டு கட்டினால் ஐந்து வேலைநாளிலும், 1000 பவுண்டு கட்டினால் மறுநாளிலும் முடிவு சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. ஒரே நாளில் முடிக்கத்தக்க வேலையை மாதங்கள் ஆக்குவது எது? பணம் உள்ளவன் தாயின் முகம் பார்ப்பான்; இல்லாதவன் கைப்பேசித் திரையில் பார்ப்பான் என்றால், துக்கத்துக்கும் விலைப்பட்டியல் எழுதிவிட்டோம் என்றுதானே பொருள்?

புகலிடம் கேட்டுச் சென்ற ஈழத்தமிழரின் நிலை இன்னும் நெருக்கடியானது. அமெரிக்க விதிப்படி, புகலிட விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில், முன்பயண அனுமதி பெற்றே ஆயினும், தாம் அஞ்சி ஓடிவந்த நாட்டுக்கே ஒருவர் திரும்பினால், வலுவான காரணம் காட்டினாலன்றி, விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கருதப்படுவார். தாயின் சவப்பெட்டியருகே நின்றதே, அவருடைய அச்சம் பொய் என்பதற்குச் சான்றாகிவிடக் கூடும். அன்பு அச்சத்தைவிடப் பெரிது என்பதை அறியாதவர் எழுதிய விதி இது.

‘விரும்பித்தானே போனார்கள், விதியைப் படித்துத்தானே கையெழுத்திட்டார்கள்’ என்று சொல்வோருக்கு ஒரு வார்த்தை. நாடுகளுக்கு எல்லை வேண்டும், ஒழுங்கு வேண்டும் என்பதைத் திருச்சபை மறுக்கவில்லை. குடிவரவுக்கு நிபந்தனைகள் விதிக்க அரசுக்கு உரிமை உண்டென்று மறைக்கல்வி ஏடே (2241) கூறுகிறது. வளம் மிக்க நாடுகள் இயன்ற மட்டும் அயலாரை ஏற்கக் கடமைப்பட்டவை என்பதையும் அதே பத்தி கூறுகிறது. குடும்பம் சமூகத்தின் அடிப்படை அலகு, அதைக் காப்பது அரசின் கடமை என்று 1948-இன் உலக மனித உரிமை அறிக்கை முழங்குகிறது. நாம் கேட்பது திறந்த வாயிலை அன்று. மருத்துவச் சான்றோ, இறப்புச் சான்றோ, திருமண ஓலையோ காட்டி, குறித்த நாளுக்குள் திரும்புகிறவர் தம் வரிசையை இழக்கலாகாது என்பது ஒன்றே. பார்வோனே கொடுத்ததைவிட இது அதிகமா?

‘இறந்தோரை அடக்கம் செய்யும் வேலையை இறந்தோருக்கே விட்டுவிடச் சொன்னாரே ஆண்டவர்’ என்று வசனம் காட்டுவோரும் உளர். அது இறையாட்சிக்காக இறைமகன் விடுத்த அழைப்பு. குடிவரவு அலுவலகத்தின் சுற்றறிக்கை அன்று. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்றே திருச்சபை இன்றளவும் கற்பிக்கிறது.

நிற்க. அயல்நாட்டு அரசைச் சாடியவுடன் நம் கை கழுவப்பட்டுவிடாது. வாசகரே, நம் வீட்டு முற்றத்திலும் ஒரு நீதிமன்றம் கூடுகிறது. சவப்பெட்டியை மூடுமுன்னே தீர்ப்பு எழுதப்படுகிறது: ‘டாலரைக் கண்டதும் தகப்பனை மறந்துவிட்டான்’, ‘கல்லறைக்கு வராத பிள்ளைக்குச் சொத்தில் என்ன பங்கு?’ அங்கே ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறவனுக்கு, வந்தால் மனைவி மக்களின் எதிர்காலம் போகும், வராவிட்டால் பெயர் போகும். அந்நாட்டு விதி அவனைக் ‘கைவிட்டவன்’ என மிரட்டுகிறது. நாமும் அதே சொல்லாலே அவனை அடிக்கிறோம். இரண்டு தீர்ப்பும் ஒரே பொய். முன்னது முகம் தெரியாத அதிகாரி சொன்னது. பின்னது உடன்பிறந்தோர் சொன்னது. எது அதிகம் வலிக்கும்?

ஆகவே நமக்கும் சில கடமைகள் உண்டு. பெற்றோர் நோயுற்றால், ‘பிள்ளை கலங்குவான்’ என்று மறைக்காதீர்கள். காலத்தோடு அறிந்தால்தான் அவன் காலத்தோடு அனுமதி கேட்க முடியும். மருத்துவரின் சான்றை நோயின் பெயர், நிலை, தேதியோடு பெற்று அனுப்புங்கள். திருமண நாள் குறிக்குமுன், அயலகத்தில் இருக்கும் அண்ணனிடம் அவன் விண்ணப்பம் எந்நிலையில் இருக்கிறதென்று கேளுங்கள். நாள் குறித்தபின் ‘வந்தே ஆகவேண்டும்’ என்று நெருக்காதீர்கள். விண்ணப்பிக்கும் பிள்ளைகள், பயணம் இப்போதைக்கு இல்லையென்றாலும், குடியிருப்பு விண்ணப்பத்தோடு முன்பயண அனுமதிக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கட்டும். ‘ஒன்றும் ஆகாது, போய்வாருங்கள்’ என்று சொல்லும் தரகரை நம்பாமல், குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கேட்கட்டும். வரமுடியாதவர் முப்பதாம் நாளிலோ ஆண்டுத் திருப்பலியிலோ வந்து கல்லறையருகே நிற்கும்போது, அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நில்லுங்கள், கேள்வி கேட்காதீர்கள்.

அங்குக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் மக்களுக்கும் ஒரு சொல். உங்கள் கையில் இப்போது வாக்குச்சீட்டு இருக்கிறது. காத்திருந்த நாளில் நீங்கள் விட்ட கண்ணீரைக் கிரீன் கார்டு வந்த நாளில் மறந்துவிட்டால், உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவனுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். உங்கள் ஆயர்களிடம் பேசுங்கள். ஆண்டவரை அறியாத அரசன் ஒருவன் அயல்நாட்டுப் பணியாளனுக்குக் கொடுத்த விடையை, ஆண்டவரின் பெயரைப் பணத்தாளில் அச்சிடும் ஒரு நாடு கொடுக்க மறுக்கிறதென்றால், அதைச் சுட்டிக்காட்டும் கடமை அந்நாட்டின் கிறிஸ்தவக் குடிமக்களுக்கே முதலில் உண்டு.