இலவசம்னா யாருக்கு இலவசம்?

போன மார்கழி. நவரைக்கு நாத்து விட்டிருந்த நேரம். பக்கத்து வீட்டுப் பையன் கையில ஒரு நோட்டீசோட ஓடி வந்தான். "பெரியப்பா, சென்னைக்கு ஒரு பெரிய வித்வான் வந்து பாடம் நடத்துறாராம். யார் வேணும்னாலும் போகலாமாம், காசு கிடையாதாம்!"

பையன் நாயனம் கத்துக்கிறான். அவங்கப்பா பெரிய காஞ்சிபுரத்துல கூலிக்குத் தறி நெய்யிறார். தறி நின்னா அன்னைக்குக் கூலி கிடையாது. அதனால நான்தான் கூட்டிட்டுப் போனேன்.

விடியக்காலை ரயில். அப்புறம் ஆட்டோ, ரெண்டு பேருக்குச் சாப்பாடு. வயல்ல எனக்குப் பதிலா ஒரு ஆள் கூலி. போய் உட்கார்ந்தா, பேச்சில முக்கால்வாசி இங்கிலீஷ். கேள்வி கேட்கச் சொன்னதும் இங்கிலீஷ்லதான். பையன் பையிலிருந்து நாயனத்தை எடுக்கவே இல்லை. எடுத்துட்டுப் போன மாதிரியே எடுத்துட்டு வந்தான்.

நடத்தினவங்க கெட்டவங்கன்னு சொல்லலீங்க. நல்ல மனசோடதான் கதவைத் திறந்து வச்சிருக்காங்க. ஆனா கதவு எந்த ஊர்ல இருக்கு, எந்த பாஷையில திறக்குதுன்னு பார்க்கணுமா இல்லையா?

இந்தக் காஞ்சிபுரம் பாட்டுக்குப் புதுசான ஊர் இல்லை. நாயனா பிள்ளை (1889–1934) இங்கதான் இருந்தார். தாளத்துல புலி. தியாகராஜர் உற்சவத்தை இந்த ஊர்லயே நடத்தி, வித்வான்களை இங்க வரவழைச்சார். 1919-ல இதே ஊர்ல பிறந்த டி.கே. பட்டம்மாள் குருகுலத்துல இருந்து கத்துக்கலை. சின்ன வயசுல கச்சேரிகளைக் கேட்டு, வீட்டுக்கு வந்து எழுதி வச்சுப் பாடிப் பார்த்தாங்க. நாயனா பிள்ளை பாட்டும் அப்படிக் கேட்டதுதான். அவங்களுக்கே 1970-ல சங்கீத கலாநிதி பட்டம் கிடைச்சது. பாட்டு அவங்க ஊருக்கு வந்துச்சு, அவங்க கேட்டாங்க. அவ்வளவுதான் விஷயம்.

"இப்பத்தான் எல்லாம் யூடியூப்ல இருக்கே"ன்னு நீங்க கேட்பீங்க. இருக்கு, அவனும் பார்க்கிறான். ஆனா சீவாளியை உதட்டுல எவ்வளவு அழுத்தணும், மூச்சை எங்க பிடிக்கணும்னு போனா சொல்லும்? பையன் வாசிக்கணும், வித்வான் நடுவுல நிறுத்தித் திருத்தணும், சுத்தி உட்கார்ந்திருக்கிற பத்துப் பேரும் அதைக் கேட்டுத் தங்களைத் திருத்திக்கணும். அதுக்குப் பேர்தான் பாடம். நாத்து நடுறதையும் நான் வீடியோ பார்த்துக் கத்துக்கலை. தப்பா நட்டப்ப எங்கப்பா பிடுங்கிப் போட்டுட்டு மறுபடி நடச் சொன்னார்.

அதனால நான் கேட்கிறது ஒண்ணுதான். தமிழ்நாட்டுல 17 மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு, காஞ்சிபுரத்துலயும் ஒண்ணு. பாட்டு, வயலின், மிருதங்கம் மட்டுமில்ல, நாயனம், தவில், தேவாரமும் சொல்லித் தர்றாங்க. சென்னைக்கு வர்ற வித்வான்கள் வருஷத்துல ஒரு நாள் இதுல ஏதாவது ஒரு பள்ளிக்கு வரட்டும். தமிழ்லயே பேசட்டும். பொழுது சாய்ஞ்சு, தறி நின்ன பிறகு வச்சா அப்பா அம்மாவும் வந்து உட்காருவாங்க.

சென்னையில சபாக்களுக்குப் போற நண்பர்களே, நிர்வாகிகளை உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நீங்கதான் இதை அவங்க காதுல போடணும். வர்ற வித்வானுக்குச் சாப்பாடு எங்க வீட்ல, எங்க வயல் அரிசியில. பையன் அன்னைக்காவது நாயனத்தைப் பையிலிருந்து எடுப்பான்.