மாற்று வீரரின் 17 பருவங்கள்

காஸ்ட்ரோ என்றதும் நமக்குக் கியூபாவே நினைவுக்கு வரும். நான் குறிப்பிடுபவர் வேறு. மெக்சிக்கோவின் சினலோவா மாநிலத்து லொஸ் மொச்சிஸ் நகரில் 1972இல் பிறந்து, அமெரிக்காவின் முதல்தர பேஸ்போல் லீக்கில் 1995 முதல் 2011 வரை 17 பருவங்கள் ஆடிய ஹுவான் காஸ்ட்ரோ.

அவரது துடுப்பாட்டக் கணக்கு எவரையும் கவராது. சராசரி .229, அதாவது நூறு வாய்ப்புகளில் 23 தடவைதான் பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார். ஹோம் ரன்கள் மொத்தம் 36. அவற்றை ஒரே பருவத்தில் அடித்துவிடும் நட்சத்திரங்கள் உண்டு. அப்படியிருந்தும் ஐந்து கழகங்கள் அவரை விரும்பி எடுத்தன. லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் மூன்று தடவைகள் எடுத்தது.

காரணம் அவரது களத்தடுப்பு. மூன்றாம் தளத்தில் நிற்பவருக்குப் பந்து வரும் வேகத்தில் சிந்திக்க நேரமில்லை. ஷோர்ட்ஸ்டொப் இடத்தில் நிற்பவர் நெடுந்தூரம் ஓடிப் பிடித்து, நிலைகொள்ளுமுன் எறியவேண்டும். இரண்டாம் தளத்திலோ, தன்மீது பாய்ந்துவரும் எதிரணி வீரனைப் பொருட்படுத்தாமல் திரும்பி எறியவேண்டும். இவை மூன்றும் வெவ்வேறு தொழில்கள். மூன்றையும் செய்தார் காஸ்ட்ரோ. அதுவும் நாள்தோறும் ஆடும் பழக்கமின்றி, வாங்கிலிருந்து எழுந்துவந்து. 2010இல் பிலடெல்பியாவின் ஜிம்மி ரோலின்ஸ் காயமுற்றபோது அந்த இடத்தில் நின்றவர்களுள் இவரும் ஒருவர்.

பத்திரிகை ஆசிரியபீடங்களிலும் இத்தகையோர் உண்டு. வெளிநாட்டுச் செய்தியாளர் விடுமுறையென்றால் அதையும், விளையாட்டுப் பக்கம் வெறுமையென்றால் அதையும் நிரப்புவார்கள். அவர்களின் பெயர் அச்சில் வராது. மெக்சிக்கோ என்றால் பெர்னாண்டோ வலன்சுவெலாவைப் பற்றி எழுதிக் குவித்த விளையாட்டு எழுத்தாளர்கள் காஸ்ட்ரோவுக்கு எத்தனை பத்திகள் ஒதுக்கினார்கள்? வலன்சுவெலா மேதை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மேதைகளை மட்டும் வைத்து 162 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தை எந்த அணியும் கடந்ததில்லை.

ஓய்வுக்குப் பின்னர் அவர் பயிற்றுவித்த மெக்சிக்கோ அணி, 2019 நவம்பரில் டோக்கியோவில் நடந்த பிரிமியர் 12 போட்டியின் மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் அமெரிக்காவை 10 இன்னிங்ஸில் 3-2 என வென்றது. பேஸ்போலில் மெக்சிக்கோ ஒலிம்பிக் தகுதி பெற்றது அதுவே முதல் தடவை. ஆயினும் கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போன அந்த ஒலிம்பிக்கில் அணியை வழிநடத்தியவர் பெஞ்சி கில். நிர்வாகத்துக்கு ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மெக்சிக்கோ அங்கே ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது.