வலியைக் காக்க வைக்கச் சொல்பவருக்கு

“ஆம்புலன்ஸின் வேலை குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, வலியை டாக்டர் பார்த்துக்கொள்வார்” என்கிறார் எங்கள் பகுதியில் நெடுங்காலமாக கிளினிக் நடத்திவரும் மருத்துவர் ஒருவர். அம்பத்தூரிலும் ஆவடியிலும் இந்தப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் பெற்றோர் பலர். அதனால்தான் இந்தப் பதில். அவர் அடுக்கும் காரணங்களில் ஒன்றுகூடத் தேறாது.

வலி அடங்கினால் நோய் இன்னதென்று தெரியாமல் போய்விடுமாம். ஆங்கிலேய அறுவை மருத்துவர் சக்கரி கோப் 1921இல் எழுதிய நூலில் வயிற்றுவலிக்குத் தந்த எச்சரிக்கை இது. அப்போது ஸ்கேன் கிடையாது. மருத்துவரின் விரல்கள்தான் கருவி. அதே நூலின் பிந்தைய பதிப்புகள் அந்த அறிவுரையைக் கைவிட்டுவிட்டன. வயிற்றுவலியோடு வந்த குழந்தைகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் நோயறிதல் கெடவில்லை. துடிக்கிற குழந்தை வயிற்றில் கைவைக்கவே விடாது. வலி சற்றுத் தணிந்தால்தான் ஒழுங்காகச் சோதிக்க முடியும். சரி, வயிற்றை விடுங்கள். மணிக்கட்டு முறிந்து வளைந்து நிற்பதை எந்த மருந்து மறைக்கும்? கொதிக்கும் சாம்பார் கொட்டி வெந்த தோலை எது மறைக்கும்? வீட்டில் அவசரத்துக்குப் பூசும் பேனா மையும் பற்பசையும் மறைக்கும். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டால் காயமும் மறையாது, வலியும் குறையும். அதைச் சொல்லித்தர அவருக்கு வாய் வரவில்லை.

“கொஞ்ச நேரம்தானே” என்பது அடுத்த வாதம். ஆவடியிலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருபது கிலோமீட்டருக்கு மேல். காலை நெரிசலில் சி.டி.எச். சாலையில் அம்பத்தூர் ஓ.டி.யையும் பாடியையும் தாண்டிப் பார்க்கட்டும். பூந்தமல்லியில் தீக்காயம் பட்ட குழந்தையை முதலில் பக்கத்து ஆஸ்பத்திரியில் இறக்கி, அங்கிருந்து கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு அனுப்பினால் அதே உடம்பை இரண்டு முறை தூக்கி இறக்க வேண்டும். ஒவ்வொரு வேகத்தடையிலும் முறிந்த எலும்பு உரசும். போய்ச் சேர்ந்ததும் கதவிலேயே மருந்தோடு யாரும் நிற்பதில்லை. சீட்டு, எக்ஸ்ரே, வரிசை எல்லாம் இருக்கிறது.

வலி மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார். எடையைக் கணக்கிட்டு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுத்தால் எந்தக் குழந்தைக்கு மூச்சு நிற்கும்? ஸ்ப்ளின்ட் வைத்து அசையாமல் கட்டினால் நிற்குமா? அம்மா மடியில் உட்கார வைத்தால் நிற்குமா? அவர் பயம் ஃபென்டனில் போன்ற வலுவான மருந்துகளைப் பற்றியது என்றால், அவற்றுக்குப் பயிற்சியும் கண்காணிப்பும் கட்டாயம் வேண்டும். ஆஸ்திரேலிய ஆம்புலன்ஸ்களில் பயிற்சி பெற்ற பணியாளர்களே ஃபென்டனிலைக் குழந்தையின் மூக்கில் தெளிக்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இங்கே பெரிய தடையாக இருந்தது உண்மை. அதனால்தான் 2014இல் அதைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் போன்றவற்றை மருத்துவத்துக்கு எளிதாக்கினார்கள். 2008 முதல் ஓடும் நம் 108 வண்டிகளின் பணியாளர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கேட்க வேண்டியவர், பயத்தை மட்டும் பரப்புகிறார்.

என்னைக் கொதிக்க வைப்பது கடைசி வாதம்: “சின்னப் பிள்ளை, மறந்துவிடும்.” இந்த நம்பிக்கையில்தான் ஒரு காலத்தில் பச்சைக் குழந்தைகளை முழு மயக்கம் தராமல் அறுத்தார்கள். இந்தியாவில் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த், ஃபென்டனில் பெற்ற குறைமாதக் குழந்தைகளே அறுவையை நன்றாகத் தாங்கினார்கள் என்று 1987இல் காட்டினார். பத்தாண்டு கழித்து டொரன்டோவில் அன்னா டாடியோ குழுவினர் கண்டது இது: மரப்பு மருந்தில்லாமல் சுன்னத்து செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், மாதங்கள் கழித்துத் தடுப்பூசி போடும்போது மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகத் துடித்தார்கள். பேசத் தெரியாத அந்த வயதிலேயே உடம்பு மறக்கவில்லை.

தன் கிளினிக்குக்கு வெட்டுக்காயத்தோடு வரும் பெரியவருக்கு, மரத்துப்போகும் ஊசி போடாமல் அவர் தையல் போடுவாரா? மாட்டார் என்றால், வண்டியில் கிடக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்று அவர் சொல்லட்டும்.