ஹெம்ப் கேக்குற தம்பிக்கு, சணப்பு போடுறவன் எழுதுறது



போன ஞாயித்துக்கிழமை சென்னையில இருந்து ஒரு தம்பி தோட்டத்துக்கு வந்திருந்தார். கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், மண்ணு மேல உண்மையான அக்கறை. அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது. தென்னை மரத்தடியில கட்டில் போட்டு உக்கார வெச்சு எளநி வெட்டிக் குடுத்தேன். பாதி எளநிகூடக் குடிக்கல, ஃபோனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்ட ஆரம்பிச்சுட்டார்.

ஹெம்ப்! துணி, காகிதம், பிளாஸ்டிக், வீடு கட்டுற கல்லு எல்லாமே அந்த ஒரே செடியில வருதாம். தண்ணி வேண்டாமாம், மருந்து வேண்டாமாம், காத்துல இருக்கற கரியை மரத்தைவிட வேகமா இழுத்துக்குதாம். "உங்கள மாதிரி ஆளுங்க இதைப் போட்டா பிளாஸ்டிக்கே ஒழிஞ்சிடும்ணா. நீங்க ஏன் போடக்கூடாது?"

அவர் உக்காந்திருந்த கட்டிலுக்குப் பின்னாடி ஒன்றரை ஏக்கர் சணப்பு ஆளுயரத்துக்கு மஞ்சமஞ்சேர்னு பூத்து நின்னுட்டு இருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பாக்கல. என் கோபமே அங்கதான் ஆரம்பிச்சுதுங்க.

இந்தக் கேள்வி இந்த வருசத்துல எனக்கு வர்றது நாலாவது தடவை. ஒரே மூச்சுல பதில் எழுதிடறேன்.

முதல்ல பேர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். ஹெம்ப்புங்கறதைத் தமிழ்ல சணல்னு எழுதிடறாங்க. சணல்னா சாக்கு செய்யற சணல், வங்காளத்துல வெளையறது. அது வேற செடி. என் காட்டுல நிக்கறது சணப்பு. அவரை, துவரை மாதிரி பயறு வகைச் சாதி, வேர்ல முடிச்சு வெச்சு மண்ணுக்குத் தழைச்சத்துக் குடுக்கறது. இதுலயும் தண்டுல நல்ல நார் இருக்கு. வீடியோவுல வர்ற ஹெம்ப் இந்த ரெண்டுமே இல்ல. அது கஞ்சாச் செடியேதான், போதைச் சத்து ரொம்பக் குறைவா இருக்கற ரகம். 0.3 சதவீதத்துக்குக் கீழ இருந்தா ஹெம்ப், மேல போனா கஞ்சா.

சட்டம் என்ன சொல்லுது? 1985-ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துலயே, நாருக்கும் விதைக்கும் இந்தச் செடியை வளர்க்க அரசு அனுமதி குடுக்கலாம்னு வழி வெச்சிருக்காங்க. அந்த வழியை உத்தரகண்ட் அரசு 2018-ல பயன்படுத்தி உரிமம் குடுத்தது. அனுமதி இல்லாம நம்ம ஊர்ல நட்டா யார் வருவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா சட்டத்தைக் காட்டி நான் தப்பிச்சுக்கப் போறதில்ல. நாளைக்கே அரசாங்கம் கூப்புட்டு அனுமதிச் சீட்டைக் கையில குடுத்தாலும் நான் போடமாட்டேன். ஏன்னு சொல்றேன்.

பகல் நீளம்னு ஒண்ணு இருக்குங்க. எந்த வீடியோவும் அதைச் சொல்றதில்ல. மாப்பிள்ளைச் சம்பாவை எப்ப வெதச்சாலும் பகல் சுருங்கற காலத்துலதான் கதிர் வாங்கும், அது நெல்லு போட்ட எல்லாருக்கும் தெரியும். ஹெம்ப்பும் அந்த மாதிரி கொணம் உள்ள செடிதான். பகல் நீளமா இருக்கற வரைக்கும் தண்டு வளத்தும், பகல் குறைஞ்சா வளர்றதை நிறுத்திட்டுப் பூவுக்குப் போயிடும். பிரான்சுல கோடையில பகல் 16 மணி நேரம். அங்க அது வேணுங்கற மட்டும் நெட்டுக்கு வளருது. நம்ம ஈரோட்டுல வருசத்தோட நீளமான பகலே பன்னண்டே முக்கால் மணி நேரம்தான். அந்த ஊர் விதையை இங்க கொண்டாந்து போட்டா முழங்கால் இடுப்புன்னு வளந்து பூத்து நிக்கும். நாருக்குன்னு போட்ட வெள்ளாமையில தண்டு இல்லாம நான் என்ன பண்றது?

குமாவுன், கர்வால் மலைக்காரங்க கதை வேற. அவங்க தலைமுறை தலைமுறையா இந்த நார்ல கயிறு திரிச்சு, துணி நெஞ்சு, விதையை அரைச்சு சட்னியும் பண்ணித் தின்னவங்க. அவங்களுக்கு அது மண்ணோட செடி. அவங்க போடட்டும், நல்ல விலையும் கிடைக்கட்டும். எல்லோராக் குகையில மண்பூச்சுல கஞ்சா நார் கலந்திருக்குன்னு 2016-ல ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. தம்பி அதையும் சொன்னார், உண்மைதான். எங்க பழைய வீட்டுச் செவுத்து மண்ணுல வரகு வைக்கோல் இருக்கு. பக்கத்துல எது கிடைச்சுதோ அதை எடுத்துக் கலந்திருக்காங்க. அந்தப் புத்திதான் பெருசே ஒழிய, செடி இல்ல.

இனி நார் சமாச்சாரத்துக்கு வர்றேன். எந்த நாரும் தண்டுல இருந்து தானா உரிஞ்சு வராதுங்க. ஹெம்ப்போ, சணலோ, சணப்போ, தண்டை அறுத்து, கட்டுக் கட்டித் தண்ணியில அமுக்கி ஊறப்போடணும். பட்டையை ஒட்ட வெச்சிருக்கற பிசின் அழுகணும். அழுகும்போது வர்ற நாத்தம் இருக்கே, ஊறல்குழி பக்கத்துல குடியிருந்தவங்களைக் கேட்டாத் தெரியும். ஐரோப்பாவுல தண்ணியில போடாம, அறுத்த தண்டை வயல்லயே வாரக்கணக்குல பனியில கெடத்தி எடுக்கறாங்க. நம்ம வெயில்ல அப்படிக் கெடத்தினா ஊறாது, காஞ்சு வெறகாயிடும். தண்ணி வேண்டாத பயிர்னு பேசறவங்க, வெளையறதுக்கு உண்டான தண்ணியை மட்டும்தான் கணக்குப் பண்றாங்க.

நான் வாய்ப்பேச்சாப் பேசறேன்னு நெனைக்க வேண்டாம். மூணு வருசம் முன்னாடி 30 சென்ட் சணப்பை மடக்கி உழுவாம விட்டேன். மூணு மாசம் தாண்டி, காய் பிடிச்சு, தண்டு முத்தினதும் அறுத்துத் தொட்டியில ஊறப்போட்டேன். அஞ்சாம் நாள் பட்டை கழண்டுது. உரிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் எங்க ஊர்ல எழுவத்தஞ்சு வயசுத் தாத்தா. சின்ன வயசுல கவலை வடத்துக்கு நார் உரிச்ச கை. அவர் திண்ணையில உக்காந்துட்டுச் சொல்லச் சொல்ல ஆளுங்க கத்துக்கிட்டு உரிச்சாங்க. அறுக்க, ஊறப்போட, உரிக்க, அலச எல்லாத்துக்குமாச் சேத்து 17 ஆள். ஆளுக்கு 500 ரூபா கூலின்னா 8,500. கிடைச்ச நார் 36 கிலோ. நல்லா வெளஞ்சு, நல்ல கையில உரிச்சா ஏக்கருக்கு மூணு நாலு குவிண்டால் வரைக்கும் எடுக்கலாம்ங்கறாங்க. எனக்கு வந்தது 36 கிலோதான். கூலியை மட்டும் வகுத்தாக்கூட கிலோ 236 ரூபா. இன்னும் அது கயிறாகல. கடையில பிளாஸ்டிக் கயிறு கிலோ 200 ரூபாய்க்குத் தொங்குது, மழையில மக்கறதும் இல்ல.

அப்படியும் ஆசை விடல. அந்த நார்ல கொஞ்சத்தை மாட்டுக்குத் தும்பும் தலைக்கயிறுமாத் திரிச்சு, மிச்சத்தை இயற்கைப் பொருள் விக்கற ஒரு நகரத்துக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். தொட்டுப் பாத்தாங்க, இழுத்துப் பாத்தாங்க, அழகா இருக்குன்னாங்க. அப்பறம் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி: "சணப்புன்னா யாருக்கும் தெரியாதுங்க, ஹெம்ப்னு லேபிள் ஒட்டிக்கலாமா?" நான் மாட்டேன்னேன். நாரைத் திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன். என் எருமைங்க ரெண்டு வருசம் ரொம்ப ராஜமரியாதையோட கட்டிக் கெடந்துச்சுங்க.

சரி, சணல் மட்டும் எப்படி இன்னும் உசுரோட இருக்கு? அதுக்கும் இதே ஊறல், இதே நாத்தம், இதே கூலி. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வாங்கறதாலயா? இல்ல. 1987-ல ஒரு சட்டம் போட்டாங்க. உணவு தானியத்தைச் சணல் சாக்குலதான் கட்டணும்னு கட்டாயம். இன்னிக்கும் தானியத்துக்கு முழுக்க, சர்க்கரைக்கு 20 சதவீதம்னு அந்தக் கட்டாயம் ஓடுது. நம்ம நெல் கொள்முதல் நிலையத்துல அடுக்கிக் கெடக்கற சாக்கு வங்காளத்துக்காரன் வயித்துப்பாடு. அந்தச் சட்டத்தை எடுத்துப் பாருங்க, சாக்கு பூராவும் பிளாஸ்டிக் ஆக எத்தனை நாள் ஆகும்னு. வாங்கியே ஆகணும்னு ஒருத்தன் இருந்ததாலதான் அந்தச் செடி பொழச்சுது.

நம்ம ஊர்ல 2019 ஜனவரியில பிளாஸ்டிக் தடை வந்தது. 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னாங்க. ரெண்டையும் நான் வரவேற்கறேன். ஆனா எங்க காட்டுக்குள்ள வந்து பாருங்க. தக்காளிக் குச்சியில கட்டறது பிளாஸ்டிக், வாழைக்கு முட்டுக் கட்டறது பிளாஸ்டிக், பந்தல்ல இழுத்திருக்கறது பிளாஸ்டிக். உழும்போதெல்லாம் கொழுவுல சுத்திக்கிட்டு வருது. மானியத்துல பந்தல் போடறவன் நார்க் கயிறுதான் கட்டணும், அதுக்கு உண்டான கூடுதல் காசை நாங்க குடுக்கறோம்னு ஒரே ஒரு உத்தரவு போட்டுப் பாருங்க. சணப்பு, புளிச்சை, ரயில் கத்தாழை, வாழைமட்டைன்னு நாலு நார் வெளிய வரும். உரிக்கற மிஷினுக்கு ஒன்றியத்துக்கு ஒரு கொட்டாய் போட்டாப் போதும். உத்தரப்பிரதேசத்துல பிரதாப்கர்ல சணப்புக்குன்னே ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்குதுங்க. இந்தத் தம்பிகள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்?

அதிசயச் செடிக் கதை எங்களுக்குப் புதுசு இல்லீங்க. 2003-ஐ ஒட்டி காட்டாமணக்கு வந்தது. தரிசுல போடுங்க, டீசலா ஊத்தும்னாங்க. நம்பி நட்டவன் பிடுங்கிப் போட்டான். அப்பறம் பெருந்துறைப் பக்கம் ஈமுக்கோழி வந்து, 2012-ல அது முடிஞ்ச விதம் பேப்பர்ல எல்லாரும் படிச்சதுதான். அமெரிக்காவுலயே 2018-ல ஹெம்ப்பைச் சட்டப்படி விட்டதும் ஆளாளுக்குப் போட்டு, அடுத்த ரெண்டு வருசத்துல விலை தரையில விழுந்துச்சு. சத்து 0.3-ஐத் தாண்டினா வெள்ளாமையை அப்படியே விக்க முடியாது, அது வேற. ஒவ்வொரு தடவையும் யோசனை சொன்னவங்க அடுத்த வீடியோவுக்குப் போயிடறாங்க. காட்டுல நிக்கறது நாங்கதான்.

இன்னொண்ணு. அந்தத் தம்பி போட்டிருந்தது ஹெம்ப்பும் பருத்தியும் கலந்த சட்டையாம், பச்சை நிறம். நார் எந்தச் செடியில வந்தாலும் அந்தப் பச்சை சாயப்பட்டறையில வந்ததுதானுங்களே? நொய்யல் கரையில இருந்துக்கிட்டு இதைக் கேக்காம எப்படி இருக்கறது? ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி வெள்ளாமைக்கு ஆகாமப் போச்சு, கடைசியில 2011-ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. நாருக்கு மட்டும் பசுமைப் பட்டம் குடுத்துட்டு, உப்பையும் சாயத்தையும் கணக்குல விட்டா அது என்ன கணக்கு?

தம்பி கெட்டவர் இல்லீங்க. நான் இவ்வளவும் சொன்னதுக்கு அப்பறம் எந்திரிச்சுப் போய்ச் சணப்புக்குள்ள நின்னு ஒரு பூவைப் பறிச்சுப் பாத்தார். "இதை என்னண்ணா பண்ணுவீங்க?"ன்னார். மடக்கி உழுதுடுவேன், மண்ணுக்கு உரம்னேன். "அய்யோ, இவ்வளவு நாரும் போயிடுமா?"ன்னார். மண்ணுக்குப் போனா வீணில்ல தம்பி, ஆனா கயிறாகியிருந்தா இன்னும் நாலு பேருக்குக் கூலி கிடைச்சிருக்கும்னேன்.

வர்ற புதன்கிழமை ரோட்டாவேட்டர் வருது. ஒன்றரை ஏக்கர்ல அரை ஏக்கரை இன்னும் ஒன்றரை மாசம் நிறுத்தி நாராக்கித் தர நான் தயார். கிலோ 350 ரூபா, பாதிப் பணம் முன்கூட்டி. உரிக்கறதுக்குத் தாத்தா இன்னும் இருக்கார். வேணுங்கறவங்க செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள்ள ஃபோன் போடுங்க. லேபிள்ல சணப்புன்னுதான் இருக்கும்.