‘இயற்கை’ எவர் உடைமை?

தோழர்களே! கடையில் ஓர் அரிசிப் பையை எடுத்துப் பாருங்கள். பச்சை இலை ஒன்று, ஏர் பிடித்த உழவன் படம் ஒன்று, கொட்டை எழுத்தில் ‘இயற்கை’ எனும் சொல் ஒன்று! விலையோ அடுத்த பையைவிட மிகுதி. வயலில் நஞ்சு தெளிக்கவில்லை என்பதற்குச் சான்று எங்கே என்று கேளுங்கள், விடை வராது.

சட்டம் இல்லாமலா போயிற்று? இருக்கிறது! உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் வகுத்த விதிகளின்படி, அங்கக உணவு என்று விற்போர் தேசிய அங்கக உற்பத்தித் திட்டச் சான்றோ, உழவர் குழுவினர் தம்முள் சோதித்து வழங்கும் பங்கேற்புச் சான்றோ பெற்றிருத்தல் வேண்டும். அதன் அடையாளமாக ‘ஜைவிக் பாரத்’ முத்திரை வகுக்கப்பட்டது. உண்போரிடம் நேரே விற்கும் சிறு உழவருக்கு விலக்கு உண்டு.

அச்சான்று எளிதில் கிட்டுவதா? நெல்லுக்கு 2 ஆண்டு, தென்னைக்கு 3 ஆண்டு, இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் தீண்டாது நிலத்தைப் பண்படுத்த வேண்டும். அக்காலத்தில் விளைச்சல் குன்றலாம். முழுச்சான்றின் விலையும் கிட்டாது. அத்தனையும் தாங்குகிறான் உழவன்!

‘இயற்கை’க்கோ இத்தவம் தேவையில்லை. 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகள் முதன்மையாய்க் கேட்பது, அது தனிப்பொருளாய், வேறெதுவும் சேர்க்கப்படாததாய் இருத்தல். களத்துக்கு வந்த பின் கலந்தது என்ன என்பதே அங்குக் கேள்வி. கழனியில் தெளித்தது என்ன என்பதன்று! அச்சொல்லை வணிகப் பெயரிலேயே பொதிந்துகொண்டாலோ, “இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதன்று” என்று அடியில் ஒரு வரி. அதன் எழுத்து 3 மில்லிமீட்டருக்குக் குறையாதிருந்தால் போதுமாம்! பொய்யைப் பையளவு எழுதலாம். மெய்யை எறும்பளவு எழுதலாம். இது நீதியா?

தமிழில் இக்கேடு இரட்டிப்பு. ‘இயற்கை வேளாண்மை’ என்றே அங்கக வேளாண்மையை மக்கள் அழைக்கின்றனர். சட்டம் இரண்டாகப் பிரித்ததை நாவு ஒன்றாக்கிவிட்டது. அந்த இடுக்கில் புகுந்தன்றோ வணிகன் கொள்ளையடிக்கிறான்!

சான்று பெற்ற பண்டம் சர்வரோக நிவாரணி என்று நாம் கூறவில்லை. அது விளைந்த முறைக்கு உறுதி, அவ்வளவே. ஆனால் அந்த உறுதிக்காக உழைத்தவன் கூலியை, உழைக்காதவன் ஒரு சொல்லால் பறிப்பதைப் பொறுப்பதோ?

ஆட்சியாளரைக் கேட்கிறோம்: மறுப்பு வரியை, பெயர் எழுதிய அதே அளவில், தமிழிலும் பொறிக்கச் செய்யுங்கள்! உங்களைக் கேட்கிறோம், தோழர்களே: படத்தைப் பாராதீர், முத்திரையைப் பாருங்கள். முத்திரை இல்லையேல், உழவனையே நேரில் கண்டு கேட்டு வாங்குங்கள். கேள்வி கேட்கும் கையிலுள்ள காசுக்கே கடைக்காரன் அஞ்சுவான்!