ரோட்டிலேயே பேசி முடிக்காதீங்க!



அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓடுற ரோட்டில்தான் நம்ம டிராக்டரும் போகணும். இடிச்சால் எது நொறுங்கும்னு தெரியாதா?

இடிச்ச உடனே ஒரு புரோக்கர் வந்து நிற்பார். "அஞ்சாயிரம் வாங்கிட்டுப் போங்க, கேஸு கீஸுன்னு எதுக்கு அலையறீங்க?" என்பார். பட்டறையில் ரேடியேட்டருக்கும் முன் ஆக்சிலுக்கும் அது எந்த மூலைக்கு?

நம்மில் பலர் கட்டுவது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது அதைத்தான். அதில் நம்ம வண்டி ரிப்பேருக்கு ஒத்தப் பைசா வராது. ஆனால் தப்பு லாரி மேலேன்னா லாரியின் இன்சூரன்ஸ் கொடுக்கணும். அங்கே மூன்றாம் நபர் நாம்தானே! இதை எந்த புரோக்கரும் சொல்ல மாட்டார்.

ஆகவே அவசரப்பட்டு வண்டியைப் பிரிக்காதீங்க. லாரி நம்பரோடு போட்டோ எடுங்க. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்க. மோட்டார் வாகன ஆய்வாளரும் லைசென்ஸ் உள்ள சர்வேயரும் பார்த்த பிறகே பட்டறை. பில்லைப் பத்திரப்படுத்தி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்க. 2022 ஏப்ரல் 1 முதல் அதற்குச் சட்டத்தில் 6 மாதக் கெடு. (டிரெய்லரில் ஆள் ஏற்றினால் நம்ம கம்பெனியே கையை விரிக்கும். அந்தத் தப்பு நம்மளோடது.)

இடிச்சுட்டு நிற்காமப் போனால்? உயிருக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம் என்று அரசுத் திட்டம் இருக்கு. டிராக்டருக்கு ஒன்றுமில்லை. அதனால்தான் கேட்கிறோம்: கல்தூசி மூடிய நம்பர் பிளேட்டோடு ஒரு லாரியும் ஆலை கேட்டைத் தாண்டக் கூடாது! புகாருக்கு அன்றைக்கே ரசீது கொடு!